ஒரே அரியணை, மூன்று குலங்கள்



இங்கிலாந்து நாட்டு வரலாற்றைப் படிக்கப் புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் அரசர்களின் பெயர்ப் பட்டியல். எதெல்பால்டு, எதெல்பர்ட்டு, எதெல்ரெட்டு என ஒன்றைப் போலவே மற்றொன்று ஒலிக்கும் பெயர்கள் வரிசையாக நிற்கும். சற்றுத் தள்ளிக் கானூட்டு வருவான். பிறகு ஹாரல்டு என்பான் ஒருவன். அவன் போன பின்னர் ஹாரல்டு என்னும் வேறொருவன். முடிவில் வில்லியம் வந்து நிற்பான். நான் வகுப்பில் வரலாறு கற்பித்த முதற்சில ஆண்டுகளில் இப்பட்டியலை மாணாக்கர் நெட்டுருச் செய்து ஒப்புவித்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தேன். ஒரு நாள் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கானூட்டு டென்மார்க்கு நாட்டவன் என்றீர்கள். அவனுக்குப் பின் அவன் மக்கள் ஆண்டனர் என்றீர்கள். அவர்களுக்குப் பின் சாக்சனிய எட்வர்டு எப்படி அரசனானான்? இடையில் போர் ஒன்றும் நடக்கவில்லையே?" என்று கேட்டான். பாடம் முடியவேண்டிய அவசரத்தில், "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவ்வினா நல்ல வினா. நான் கூறிய விடை ஆசிரியன் கூறத்தக்க விடை அன்று. அன்று சொல்லாது விட்டதை இன்று வானொலி வாயிலாக உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

அரசன் என்பவன் எதனால் அரசனாகிறான்? தந்தைக்குப் பின் மூத்த மகன் என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். பழைய இங்கிலாந்தில் அவ்விதி இருந்ததில்லை. அரச குலத்தில் பிறந்த ஆண்மக்கள் யாவரும் அரியணைக்கு உரியவரே. அவர்களுள் ஒருவரை நாட்டின் பெருநிலக்கிழாரும் பேராயர்களும் கூடிய அவை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வவைக்கு 'விட்டன்' என்று பெயர். அறிவுடையோர் கூட்டம் என்பது பொருள். ஆல்பிரட்டு மாமன்னனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் 871-ஆம் ஆண்டில் முடிசூடியபோது, அவனுக்கு முன் ஆண்ட தமையனுக்கு ஆண்மக்கள் இருவர் இருந்தனர். ஆயினும் டேனியர் படை நாட்டை அழித்துக்கொண்டிருந்த அந்நாளில் பாலகரை அரியணையில் அமர்த்துவதால் பயனில்லை என்று கருதி வளர்ந்த இளவலையே ஏற்றனர். அவனுக்கு முன்னும் மூன்று தமையன்மார் ஒருவர்பின் ஒருவராக ஆண்டிருந்தனர். பிறப்பு ஒருவனைத் தகுதியுடையோர் வரிசையில் நிறுத்தும். அவ்வரிசையிலிருந்து தெரிந்தெடுப்பது காலத்தின் தேவை. இதனை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மேலே வரும் குழப்பங்களிற் பாதி தெளிந்துவிடும்.

ஆல்பிரட்டின் வழியினர் வலிமையுடன் ஆண்டனர். அவன் பேரன் எதெல்ஸ்டன் 927-ஆம் ஆண்டில் யார்க்கு நகரையும் கைக்கொண்டு ஆங்கிலேயர் அனைவர்க்கும் அரசனானான். டேனியர் பலர் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறி, உழுது பயிரிட்டு, அந்நாட்டுக் குடிகளாகவே மாறிவிட்டனர். நீங்கள் ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'லா', 'எக்', 'ஸ்கை', 'தே' முதலிய எளிய சொற்கள் அக்குடியேறிகள் மொழியிலிருந்து வந்தவை. சட்டத்துக்கும் முட்டைக்கும் வானத்துக்கும் பெயர் தந்த மக்களை அயலார் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? இக்கேள்வியை அந்நாட்டார் ஒரு முறை மிகக் கொடிய விதமாக எதிர்கொண்டனர். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

978-ஆம் ஆண்டில், இளைஞனான எட்வர்டு மன்னன் கார்பு என்னுமிடத்தில் தன் சிற்றன்னையின் இல்லத்துக்குச் சென்றபோது கொலையுண்டான். அவனுடைய தம்பி எதெல்ரெட்டு சிறுவனாகவே அரியணை ஏறினான். கொலையில் அச்சிறுவனுக்குப் பங்கில்லை. ஆயினும் குருதி தோய்ந்த அரியணை என்ற பழி அவனை விடவில்லை. 'எதெல்ரெட்டு' என்பதற்கு மேலான ஆலோசனை என்று பொருள். பிற்காலத்தார் அவன் பெயரோடு 'உன்ரெட்' என்பதைச் சேர்த்து எள்ளினர். ஆலோசனையற்றவன் என்று பொருள். ஆங்கிலப் பாடநூல்கள் இதனை 'ஆயத்தமில்லாதவன்' என்பது போல எழுதிவிட, நாமும் அப்படியே படித்து வருகிறோம். அது சொல்லின் ஒலி செய்த மயக்கம்.

அவன் காலத்தில் டேனியர் தாக்குதல் மீண்டும் தொடங்கியது. 991-ஆம் ஆண்டில் மால்டன் என்னும் இடத்தில் ஆங்கிலப் படை தோற்றபின், பகைவர் திரும்பிச் செல்வதற்காக 10,000 பவுண்டு வெள்ளி கொடுக்கப்பட்டது. வாங்கியவன் மறுபடியும் வருவான் அல்லவா? 994-இல் 16,000, 1002-இல் 24,000, 1012-இல் 48,000 என்று அக்காலத்து ஆண்டுக் குறிப்பு எழுதிச் செல்கிறது. எதெல்ரெட்டின் தலை பொறித்த நாணயங்கள் இங்கிலாந்து மண்ணிற் கிடைத்தவற்றைக் காட்டிலும் ஸ்காந்தினேவிய மண்ணிற் கிடைத்தவையே மிகுதி என்றால், செல்வம் எத்திசை நோக்கி ஓடியது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1002-ஆம் ஆண்டில் எதெல்ரெட்டு இரண்டு செயல்கள் செய்தான். ஒன்று திருமணம், மற்றொன்று படுகொலை. இரண்டும் அவன் குலத்தின் விதியை மாற்றின.

திருமணத்தை முதலிற் சொல்கிறேன். கடலுக்கு அப்பால், பிரான்சின் வடகரையில் நார்மண்டி இருந்தது. அதன் மக்கள் யார்? அவர்களும் வடபுலத்துக் கடலோடிகளே. ரோலோ என்ற தலைவனுக்குப் பிரெஞ்சு மன்னன் 911-ஆம் ஆண்டளவில் அப்பகுதியை விட்டுக்கொடுத்தான். வடவர் என்ற பெயரே நார்மானியர் என்று திரிந்தது. நூறாண்டுகளில் அவர்கள் பிரெஞ்சு மொழி பேசும் கிறித்தவர்களாகிவிட்டனர். ஆயினும் டேனியக் கொள்ளைக் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களில் இடம் கொடுத்து வந்தனர். அவ்வாயிலை அடைக்கவே எதெல்ரெட்டு நார்மண்டிப் பெருநிலக் கோமான் இரண்டாம் ரிச்சர்டின் தங்கை எம்மாவை மணந்தான். அரசியல் கணக்குப்படி அது நல்ல திருமணம். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்றும் அவளோடு கப்பலேறி வந்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நார்மண்டியின் கோமான் ஒருவன் இங்கிலாந்து அரியணைக்கு உரிமை பேச, இத்திருமணமே முதல் நூலாயிற்று.

படுகொலைக்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள டேனிய ஆடவரையெல்லாம் கொல்லுமாறு மன்னன் ஆணையிட்டான். தனக்கெதிராகச் சூழ்ச்சி நடப்பதாக அஞ்சினான் என்பர். டேனியர் அடர்ந்து வாழ்ந்த வடகிழக்குப் பகுதிகளில் இவ்வாணை நடந்திருக்க இயலாது. ஆக்ஸ்போர்டு நகரில் நடந்தது. உயிருக்கு அஞ்சிய டேனியர் கோயிலுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டனர். துரத்தி வந்தோர் கோயிலையே கொளுத்தினர். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எதெல்ரெட்டே 1004-ஆம் ஆண்டில் அக்கோயிலுக்கு வழங்கிய பட்டயத்தில் வெட்கமின்றிச் சொல்கிறான். கோதுமைக்கிடையே முளைத்த களைகளைப் போல டேனியர் தோன்றியமையால் அவர்களை அழிப்பது முறையே என்பது அவன் கருத்து. 2008-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான் கல்லூரி நிலத்தை அகழ்ந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட ஆடவர் எலும்புகள் ஒரே குழியிற் கிடைத்தன. பெரும்பாலோர் இளைஞர், வெட்டுக் காயங்களும் தீப்பட்ட அடையாளங்களும் எலும்பில் இருந்தன. அவர்கள் அன்று மாண்டவர்களா, வேறு சமயத்தில் மாண்ட கடற்கொள்ளையரா என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழியில் எறியப்பட்டனர் என்பதில் வேறுபாடில்லை.

டென்மார்க்கு மன்னன் ஸ்வெயின் பழிவாங்க வந்தான். பல முறை வந்தான். 1013-ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதும் அவனுக்குப் பணிந்தது. எதெல்ரெட்டு மனைவி மக்களோடு நார்மண்டிக்கு ஓடினான். ஸ்வெயினோ முடிசூடிக்கொள்ளவும் பொழுதின்றி 1014-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இறந்தான். அவனுடைய கப்பற்படை அவன் மகன் கானூட்டை அரசனாகத் தெரிந்துகொண்டது. ஆங்கிலப் பெருமக்களோ ஓடிப்போன பழைய மன்னனுக்கே ஆள் அனுப்பினர். எவ்வாறு அனுப்பினர் என்பதைக் கவனியுங்கள். பிறவித் தலைவனைவிட எமக்கு இனியவர் இல்லை. ஆனால் முன்னிலும் நேர்மையாக ஆள்வதாயின் வரலாம் என்பது செய்தியின் கருத்து. எதெல்ரெட்டு அதற்கு உடன்பட்டு, தன் மகனையே தூதனாக அனுப்பி வாக்களித்தான். குடிகள் நிபந்தனை விதிக்க, மன்னன் ஏற்றுக்கொண்டு அரியணை ஏறியது இங்கிலாந்தில் எழுத்திற் பதிவான வரையில் இதுவே முதல் தடவை. 1215-ஆம் ஆண்டின் பெரும் பட்டயத்தைத் தேர்வுக்காகப் படிக்கும் நீங்கள், அதற்கு இருநூறாண்டுகளுக்கு முன் நடந்த இதனையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1016-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் எதெல்ரெட்டு இறந்தான். இலண்டன் மாநகரத்தார் அவனுடைய முதல் மனைவியின் மகன் எட்மண்டைத் தேர்ந்தனர். இரும்பு விலாவினன் என்று அவனைப் புகழ்வர். வேறு பெருமக்கள் சௌத்தாம்டனிற் கூடிக் கானூட்டைத் தேர்ந்தனர். ஆக ஒரே நாட்டுக்கு, ஒரே அவையின் இரு பிரிவுகள் தேர்ந்த இரு மன்னர். அவ்வாண்டின் கோடையிலும் கூதிரிலுமாக எட்மண்டு போருக்கு மேல் போர் புரிந்தான். அக்டோபர் 18-ஆம் நாள் அசாண்டூன் என்னும் இடத்தில் அவன் தோற்றான். எட்ரிக்கு என்னும் தலைவன் போர்க்களத்தில் தன் படையுடன் விலகி ஓடியதே காரணம் என்று அக்கால எழுத்தாளர் சபிக்கின்றனர். பின்னர் இரு மன்னரும் செவர்ன் ஆற்றிடைத் தீவொன்றிற் சந்தித்து நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். வெசெக்ஸ் எட்மண்டுக்கு, ஏனையவை கானூட்டுக்கு. நவம்பர் 30-ஆம் நாள் எட்மண்டு இறந்தான். நாடு முழுவதும் கானூட்டுக்காயிற்று. ஓர் ஆண்டுக்குள் மூன்று மன்னர்!

கானூட்டுக்கு அப்போது வயது இருபதைச் சுற்றியிருக்கலாம். வந்தவுடன் ஐயத்துக்குரியோரைக் களைந்தான். காட்டிக்கொடுத்த எட்ரிக்கு 1017-ஆம் ஆண்டில் தலையிழந்தான். ஒரு தலைவனை விற்றவன் மறுதலைவனையும் விற்பான் என்று கானூட்டு கணக்கிட்டிருக்கலாம். எட்மண்டின் கைக்குழந்தைகள் இருவரையும் ஸ்வீடனுக்கு அனுப்பினான். அங்கே சத்தமின்றிக் கொன்றுவிடுவார்கள் என்பது அவன் எதிர்பார்ப்பு என்று கூறுவர். கொல்லப்படவில்லை, அவர்கள் கைமாறிக் கைமாறி ஹங்கேரி நாட்டை அடைந்தனர். இக்குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கமாட்டேன்.

அடுத்து அவன் செய்தது யாரும் எதிர்பாராதது. எதெல்ரெட்டின் கைம்பெண் எம்மாவைக் கானூட்டே மணந்தான்! அவள் அவனைவிட மூத்தவள். எதெல்ரெட்டுக்கு எட்வர்டு, ஆல்பிரட்டு என இரு ஆண்மக்களைப் பெற்றவள். அம்மக்கள் நார்மண்டியில் மாமன் வீட்டில் தங்கிவிட்டனர். தாய் மட்டும் இங்கிலாந்து திரும்பி, தன் கணவனின் நாட்டைப் பறித்தவனுக்கு மனைவியானாள். அவளை இகழ்வது எளிது. என் மாணாக்கர் பலரும் இகழ்ந்தனர். அவளுடைய விருப்பத்தைக் கேட்டுத்தான் மணம் நடந்ததா என்பதற்குச் சான்று இல்லை. நார்மண்டியிலிருந்து படை வராதிருக்கக் கானூட்டுக்கு அவள் தேவை. அரசியாக நிலைத்திருக்க அவளுக்குக் கானூட்டு தேவை. அவர்களுக்குப் பிறந்த மகன் ஹார்த்தகானூட்டு.

கானூட்டு ஆட்சி இங்கிலாந்துக்கு நன்மையாகவே அமைந்தது. 1018-ஆம் ஆண்டில் 72,000 பவுண்டு வரி தண்டி, படையிற் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பினான். அவ்வாண்டே ஆக்ஸ்போர்டில் டேனியரையும் ஆங்கிலேயரையும் ஓரவையிற் கூட்டி, பழைய எட்கர் மன்னனின் சட்டப்படி ஒழுகுவதென்று உடன்பாடு செய்வித்தான். அதே நகரில்தான் பதினாறு ஆண்டுகளுக்கு முன் கோயில் எரிந்தது. இடத்தை அவன் எண்ணித்தான் தேர்ந்தானா என்று அறுதியிட முடியாது. 1027-ஆம் ஆண்டில் உரோமாபுரி சென்று, பேரரசன் கான்ராடின் முடிசூட்டு விழாவில் கலந்துகொண்டான். கடலலையை நோக்கி 'நில்' என்று ஆணையிட்ட மூடமன்னன் என்று கானூட்டைப் பற்றிக் கதை ஒன்று சொல்வார்கள். அக்கதையை எழுதிவைத்தவன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹென்றி என்னும் பாதிரி. அவன் எழுதியதோ இதற்கு நேர்மாறு. மன்னர் ஆற்றல் எத்துணை அற்பமானது என்பதைக் காட்டவே கானூட்டு கால் நனைய அமர்ந்திருந்தான் என்பது மூலக்கதை. நடந்ததோ இல்லையோ, கதையையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

கானூட்டு 1035-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இறந்தான். இங்கேதான் என் மாணவன் கேட்ட வினாவின் முடிச்சு இருக்கிறது. கானூட்டுக்கு எம்மாவுக்கு முன்பே வேறொரு மனைவி உண்டு, நார்தாம்டன் ஊரினள். அவள் மகன் ஹாரல்டு. எம்மாவின் மகன் ஹார்த்தகானூட்டோ அப்போது டென்மார்க்கில் இருந்தான். நார்வே மன்னன் மாக்னஸ் படையெடுப்பான் என்ற அச்சத்தால் அவ்விடம் விட்டு நகர இயலவில்லை. நாட்டில் இருப்பவனே அரசனாகிறான் என்பது பழைய உலகத்து நடைமுறை. ஹாரல்டு மெல்ல மெல்லக் காரியத்தைக் கைப்படுத்திக்கொண்டான்.

அந்நேரத்தில் எம்மாவின் மூத்தாள் மக்களல்லாத, எதெல்ரெட்டுக்குப் பெற்ற புதல்வர் இருவரும் நார்மண்டியிலிருந்து நாடு திரும்ப முயன்றனர். 1036-ஆம் ஆண்டில் இளையவன் ஆல்பிரட்டு கரையிறங்கினான். வெசெக்ஸின் பெருந்தலைவன் காட்வின் அவனை எதிர்கொண்டு உபசரித்து, பிறகு ஹாரல்டின் ஆட்களிடம் ஒப்படைத்தான். அவர்கள் அவன் கண்களைப் பிடுங்கி ஈலி என்னும் மடத்தில் விட்டனர். அங்கே அவன் இறந்தான். மகனை இழந்த எம்மாவும் மறு ஆண்டில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டுப் புரூஜ் நகரில் அடைக்கலம் புகுந்தாள்.

1040-ஆம் ஆண்டு மார்ச்சில் ஹாரல்டு இறந்தான். கப்பற்படையுடன் வந்த ஹார்த்தகானூட்டு முதலிற் செய்தது யாது தெரியுமா? தன் மாற்றாந்தாய் மகனான தமையனின் பிணத்தைத் தோண்டி எடுத்துச் சேற்றில் எறிவித்தான். ஆனால் அவன் உடல்நலம் குன்றியவன், மணமாகாதவன், பிள்ளையில்லாதவன். 1041-ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து எட்வர்டை வரவழைத்துத் தன்னருகில் வைத்துக்கொண்டான். ஏன்? அவன் டேனியன், இவன் சாக்சனியன் என்று நாம் பட்டியலில் எழுதுகிறோம். அவர்களோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1042-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், இலாம்பெத்தில் நடந்த ஒரு திருமண விருந்தில், கையிற் கிண்ணத்துடன் நின்றபடியே ஹார்த்தகானூட்டு சாய்ந்து இறந்தான். எட்வர்டு அரசனானான். போர் ஒன்றும் நடக்கவில்லை. என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: அவர்களுக்கு அம்மா ஒருத்தி.

அந்த அம்மாவை எட்வர்டு மன்னிக்கவில்லை. முடிசூடிய 1043-ஆம் ஆண்டிலேயே, பெருந்தலைவர் மூவருடன் குதிரையேறி வின்செஸ்டருக்குச் சென்று, அவளுடைய கருவூலத்தையும் நிலங்களையும் பறித்தான். வேண்டிய காலத்தில் தனக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை என்பது அவன் மனக்குறை. எம்மா இருபதாண்டுக்கு மேல் இம்மகனைப் பிறர் வீட்டில் விட்டு வைத்தவள். அவள் ஒரு துறவியைக் கொண்டு தன் புகழ் நூலொன்று எழுதுவித்தாள். அதில் எதெல்ரெட்டின் மனைவியாக அவள் வாழ்ந்த வாழ்வைப் பற்றிய பேச்சே இல்லை. தாயின் நூலில் தன் தந்தைக்கு இடமில்லை என்பதைக் கண்ட மகன் என்ன எண்ணியிருப்பான்? அவள் 1052-ஆம் ஆண்டில் இறந்து, கானூட்டின் பக்கத்தில் வின்செஸ்டரில் அடக்கமானாள்.

எட்வர்டின் ஆட்சியை விரித்துரைக்க நேரமில்லை. அவன் தம்பியைக் காட்டிக்கொடுத்த காட்வினின் மகளையே அவன் மணக்க நேர்ந்தது; குழந்தை இல்லை. ஹங்கேரியில் வளர்ந்த எட்மண்டின் மகனை 1057-ஆம் ஆண்டில் வரவழைத்தான். அவனோ இங்கிலாந்து சேர்ந்த சில நாட்களிலேயே இறந்துபோக, எட்கர் என்னும் சிறுவன் ஒருவன் எஞ்சினான். 1066-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் எட்வர்டு கண்மூடியபோது அரியணைக்கு நால்வர் உரிமை பேசினர்.

குருதி உரிமை எட்கருக்கு. ஆனால் அவன் சிறுவன். அவையின் ஒப்புதலும் இறக்கும் மன்னனின் வாய்ச்சொல்லும் காட்வினின் மகன் ஹாரல்டுக்கு. அவனிடம் அரச குருதி இல்லை. நாம் இவனைக் கடைசிச் சாக்சனிய மன்னன் என்று எழுதுகிறோம். இவன் தாய் டேனியப் பெண், இவன் பெயரும் டேனியப் பெயர். மூன்றாமவன் நார்வே மன்னன் ஹரால்டு ஹார்திராடா. ஹார்த்தகானூட்டும் மாக்னஸும், பிள்ளையின்றி எவர் இறந்தாலும் மற்றவர் நாடு பெறுவதென்று செய்துகொண்ட உடன்படிக்கையை அவன் காட்டினான். நான்காமவன் நார்மண்டியின் வில்லியம். எம்மாவின் தமையனுக்குப் பேரன். எட்வர்டு தனக்கு வாக்களித்தான், ஹாரல்டு தனக்கு ஆணையிட்டான் என்பவை அவன் வாதங்கள். அந்த ஆணைக் காட்சியைப் பேயோ நகரத்தில் உள்ள, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பூவேலைத் துணிச் சித்திரத்தில் காணலாம். ஆங்கிலேயரின் ஆண்டுக் குறிப்போ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வழக்கைத் தீர்க்க மன்றம் ஏது? ஜனவரி 6-ஆம் நாளே ஹாரல்டு முடிசூடினான். செப்டம்பரில் நார்வே மன்னன் யார்க்கு அருகே இறங்கினான். ஹாரல்டு விரைந்து வடக்கே சென்று, 25-ஆம் நாள் ஸ்டாம்போர்டு பாலத்தில் அவனைக் கொன்றான். ஏறத்தாழ 300 கப்பல்களில் வந்தவர் திரும்பிச் செல்ல 24 கப்பல்கள் போதுமாயின. மூன்று நாட் கழித்து வில்லியம் தெற்கே பெவன்சியிற் கரையேறினான். களைத்த படையுடன் ஹாரல்டு நாட்டின் நெடுக்கையெல்லாம் மறுபடியும் கடந்து வந்து, அக்டோபர் 14-ஆம் நாள் ஹேஸ்டிங்சுப் போரில் மாண்டான். இப்போரைப் பற்றி உங்கள் பாடநூல்கள் பல பக்கம் எழுதும். அவற்றில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபடும். ஹாரல்டு மாண்டவுடன் இலண்டனில் கூடியோர் வில்லியத்தை ஏற்கவில்லை. எட்கரையே மன்னனாகத் தேர்ந்தனர். வில்லியம் தேம்சு ஆற்றைச் சுற்றி ஊர்களை எரித்துக்கொண்டு வந்த பிறகே அவர்கள் பெர்க்காம்ஸ்டெட்டில் பணிந்தனர்.

வாளால் வென்றவனுக்கும் வாள் போதவில்லை என்பதைக் கிறிஸ்துமஸ் நாளில் நடந்த முடிசூட்டு விழா காட்டும். வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலுள் கூடியோரை நோக்கி, இவரை மன்னராக ஏற்கிறீர்களா என்று பேராயர் ஆங்கிலத்திலும், மற்றொரு குரு பிரெஞ்சிலும் வினவினர். எல்லோரும் உரத்த குரலில் ஆம் என்று ஆர்ப்பரித்தனர். வெளியே காவல் நின்ற நார்மானியர்க்கு அம்மொழி புரியவில்லை. உள்ளே கலகம் என்று நினைத்துச் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தனர். மக்கள் வெளியே ஓட, புகைக்கிடையே பாதிரிமார் சிலர் நடுநடுங்கி நின்று சடங்கை முடித்தனர். மன்னனும் நடுங்கினான் என்று எழுதியிருக்கிறார்கள். குடிகளின் ஒப்புதலை அவர்கள் மொழியில் கேட்டே தீரவேண்டியிருந்தது. அவ்வொப்புதலைக் கேட்ட காதுகளுக்கு அது கலகமாகப் பட்டது.

அதற்குப் பின் நடந்தவை கொடியவை. 1069, 1070-ஆம் ஆண்டுகளில் வடநாடு கலகம் செய்ய, வில்லியம் பயிரையும் கால்நடையையும் ஏரையும் எரித்து, மக்களைப் பட்டினியிற் சாக விட்டான். 1086-ஆம் ஆண்டில் எடுத்த நிலக்கணக்கில் யார்க்கு வட்டாரத்தின் பல ஊர்களுக்கு எதிரே பாழ் என்ற சொல் நிற்கிறது. பெருநிலக்கிழாருள் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்கவர் ஆயினர்.

ஹங்கேரிக் குழந்தைகளை மறக்கவேண்டா என்றேன். அவர்களுள் ஒருவனின் மகள், எட்கரின் தமக்கை, மார்கரெட்டு. 1066-க்குப் பின் ஸ்காட்லாந்துக்குத் தப்பிச் சென்று அந்நாட்டு மன்னன் மால்கமை மணந்தாள். அவள் மகள் எடித்து. 1100-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், வில்லியத்தின் மகன் ரூபஸ் வேட்டைக் காட்டில் அம்புபட்டு இறந்தான். மூன்றே நாளில் தம்பி ஹென்றி முடிசூடினான். தமையன் ராபர்ட்டு சிலுவைப் போரிலிருந்து திரும்பு முன்னே முந்திக்கொண்ட இவனுக்கும் குடிகளின் ஆதரவு தேவையாயிற்று. எட்வர்டின் சட்டத்தைக் காப்பேன் என்று பட்டயம் எழுதினான்; நவம்பரில் எடித்தை மணந்தான். நார்மானியப் பிரபுக்கள் அரசனையும் அரசியையும் பட்டிக்காட்டு ஆங்கிலப் பெயர்களால் அழைத்துக் கேலி செய்தனர். ஹென்றி பொருட்படுத்தவில்லை. அவர்கள் மகளின் மகனே 1154-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய இரண்டாம் ஹென்றி. கானூட்டு கடல் கடத்திய கைக்குழந்தையின் குருதி இவ்வாறு நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அரியணைக்குத் திரும்பியது.

நேரம் நெருங்குகிறது. வின்செஸ்டர் பேராலயத்தில் பழைய மன்னர்களின் எலும்புகளை வைத்த மரப்பெட்டிகள் ஆறு உள்ளன. சாக்சனிய மன்னர் பெயர்கள், கானூட்டின் பெயர், எம்மாவின் பெயர், நார்மானிய ரூபஸின் பெயர் ஆகியன அவற்றின்மேல் எழுதப்பட்டுள்ளன. 1642-ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின்போது, பாராளுமன்றப் படையினர் பெட்டிகளைக் கவிழ்த்து, எலும்புகளை எடுத்துக் கண்ணாடிச் சாளரங்களின் மீது வீசினர். பின்னர்ப் பொறுக்கி உள்ளே போட்டவர்க்கு எவை எவருடையவை என்று தெரியவில்லை. அண்மையில் பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தார் அவ்வெலும்புகளைப் பிரித்து ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் செய்தி வெளியிட்டனர். குறைந்தது இருபத்து மூவர் எலும்புகள் அங்கே உள்ளன. பல பெட்டிகளில் சிதறிக் கிடந்த ஒரு முதிய பெண்ணின் எலும்புகள் எம்மாவினுடையவையாக இருக்கலாம் என்று கருதுகின்றனர். அவற்றோடு பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் இருவரின் எலும்புகளும் கலந்திருந்தன. மன்னர் பெட்டியில் இடம்பெற்றமையால் அரச குலத்தவராகத்தான் இருக்கவேண்டும். பெட்டிகளின்மேல் எழுதிய பெயர்களில் அவர்கள் பெயர் இல்லை.